இறுகிப்போன ஸ்க்ரூக்களும் பின்பக்க நம்பர் பிளேட்டும்

எங்கள் காரின் டிக்கிக் கதவில், நம்பர் பிளேட்டின் கீழ் ஓரத்திலிருந்து பம்பர் வரை பழுப்பு நிறத்தில் ஒரு கோடு வழிந்திருந்தது. கழுவினால் போய்விடும், மழை பெய்தால் மறுபடியும் வரும். பிளேட் அலுமினியம், அலுமினியத்தில் பழுப்புத் துரு வராது. அப்படியென்றால் துருப்பிடிப்பது ஸ்க்ரூவாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஸ்க்ரூ இறங்கும் துளையைச் சுற்றியுள்ள தகடாக இருக்க வேண்டும். ஸ்க்ரூ என்றால் மாற்றிவிடலாம். தகடு என்றால் தள்ளிப்போட முடியாது. எது என்று பார்க்க பிளேட்டைக் கழற்றியே ஆக வேண்டும். அதன் ஒரு மூலையும் எதிலோ இடித்து மடங்கியிருந்தது, அதையும் நிமிர்த்திவிடலாம் என்று வேலையில் இறங்கினேன்.

மொத்தம் நான்கு ஸ்க்ரூ. மேலே உள்ள இரண்டும் கார் தயாரித்தபோதே வந்த எம்6 (6 மி.மீ. தண்டு) ஸ்க்ரூக்கள். ஆறு முகத் தலை, அதன் நடுவே பிளஸ் குழி, 10 மி.மீ. சாக்கெட்டும் போடலாம், ஸ்க்ரூடிரைவரும் போடலாம். இவை தகட்டின் பின்னால் வெல்டு செய்த நட்டில் இறங்குகின்றன. இடது பக்கத்தது நன்றாக இருந்தது. வலது பக்கத்தது முன்பே யாரோ பொருந்தாத ஸ்பேனர் போட்டுத் திருகியதில் ஆறு முகமும் மழுங்கி, தலை உருண்டையாகிக் கிடந்தது. கீழே உள்ள இரண்டும் பின்னாளில் சேர்க்கப்பட்டவை. ஒன்று, சதுரத் துளையில் செருகிய நைலான் நட்டில் இறங்கியிருந்தது. மற்றது, தகட்டில் துளை போட்டு நேராக முடுக்கிய செல்ஃப் டேப்பிங் ஸ்க்ரூ. துளை போட்ட இடத்தில் பெயின்ட் உரிந்து வெறும் இரும்பு வெளியே தெரியும்படி விட்டிருந்தார்கள். பழுப்புக் கோடு சரியாக அதற்குக் கீழேதான் தொடங்கியது.

வேலைக்கு முன் ஒரு விஷயம். சில நாடுகளில் பிளேட்டை ஒருமுறை மட்டுமே பூட்டக்கூடிய பூட்டுகளை வைத்துப் பொருத்துகிறார்கள். அதை உடைத்தால் மறுபடி அதிகாரப்பூர்வமாகத்தான் பூட்ட வேண்டும். அப்படிப்பட்ட பிளேட்டில் கை வைக்காதீர்கள். சாதாரண ஸ்க்ரூ என்றாலும், பிளேட் இல்லாத காரை ரோட்டில் எடுக்க முடியாது. அதனால் கார் சும்மா நிற்கக்கூடிய ஒரு நேரம் பார்த்துத்தான் இதைத் தொடங்க வேண்டும். நடுவில் ஒரு ஸ்க்ரூ மாட்டிக்கொண்டால் அவசரத்தில் தப்பான முடிவு எடுக்கத் தோன்றும்.

ஸ்க்ரூ ஏன் பிடித்துக்கொள்கிறது

இது புரிந்தால் எதை முதலில் செய்ய வேண்டும் என்பது தானாகவே தெரிந்துவிடும். இரும்பு துருவாக மாறும்போது முன்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். ஸ்க்ரூவின் மரைக்கும் நட்டின் மரைக்கும் நடுவே இருக்கும் மெல்லிய இடைவெளியில் துரு வளர்ந்தால், ஆப்பு அடித்தது போல இறுகிவிடும். தலைக்கு அடியில் நடப்பது வேறு. அலுமினியமும் இரும்பும் தொட்டுக்கொண்டு, நடுவே உப்பு கலந்த ஈரம் நின்றால் இரண்டுக்கும் இடையே சிறு மின்னோட்டம் உண்டாகும், அலுமினியம் அரிபடும். தலையைச் சுற்றி வெள்ளைப் பொடியாகத் தெரிவது அதுதான். அந்தப் பொடி கெட்டிப்பட்டு, தலையைப் பிளேட்டோடு சேர்த்து ஒட்டிவிடுகிறது.

ஆக, பிடிப்பு இரண்டு இடத்தில். முன்னால் தலை, பின்னால் மரை. பெரும்பாலானவர்கள் முன்பக்கம் மட்டும் எண்ணெய் அடித்துவிட்டுத் திருகத் தொடங்குகிறார்கள். அந்த எண்ணெய் தலையோடு நின்றுவிடுகிறது, பிளேட்டையும் தகட்டையும் தாண்டி நட்டு வரைக்கும் போவது கடினம். டிக்கிக் கதவின் உள்பக்க பிளாஸ்டிக் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். வெல்டு நட்டுக்குப் பின்னால் ஸ்க்ரூவின் நுனி சில மி.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, முழுக்கத் துரு. இந்த நுனி முக்கியம். ஸ்க்ரூவை வெளியே எடுக்கும்போது இந்தத் துருப்பிடித்த மரை முழுவதும் நட்டுக்குள் புகுந்துதான் வர வேண்டும். முன்னால் லேசாக அசைந்த ஸ்க்ரூ பாதி வழியில் மறுபடி இறுகுவதற்குக் காரணம் இதுதான். அதனால் முதல் வேலை, சிறிய கம்பி பிரஷ்ஷால் அந்த நுனியைத் தேய்த்துச் சுத்தம் செய்வது. அப்புறம் பின்பக்கத்திலிருந்தே எண்ணெய் விடுவது.

எண்ணெய் என்றதும் எல்லோரும் எடுப்பது டபிள்யூடி-40. 1953இல் உருவான அந்தக் கலவை, பெயரிலேயே உள்ளபடி (டபிள்யூடி என்றால் வாட்டர் டிஸ்ப்ளேஸ்மென்ட்), ஈரத்தை விரட்டுவதற்காக வந்தது. துரு லேசாக இருந்தால் அதுவே போதும். நன்றாக இறுகியதற்கு, இடுக்கில் ஊடுருவுவதற்கென்றே விற்கும் மெல்லிய எண்ணெய்தான் சரி. அசிட்டோனையும் ஆட்டோமேட்டிக் கியருக்கான ஆயிலையும் கலந்து விடச் சொல்லும் யோசனையும் பரவலாக உண்டு. கார் பெயின்ட் பக்கத்தில் அதைச் செய்யாதீர்கள். அசிட்டோன் பெயின்ட்டைக் கரைக்கும், பிளேட்டின் மேலுள்ள ஒளி திருப்பும் படலத்தையும் கெடுக்கும்.

எண்ணெய் விட்டபின் ஸ்க்ரூவின் தலையில் சின்ன சுத்தியலால் மெதுவாகத் தட்டினேன். பலமாக அடிக்கத் தேவையில்லை. துருவில் நுண்ணிய வெடிப்பு விழுந்தால் எண்ணெய் அதன் வழியாகத் தானே உள்ளே ஏறும். இரவு முழுக்க அப்படியே விட்டுவிட்டு, காலையில் மறுபடி கொஞ்சம் விட்டேன். இந்த வேலையில் காத்திருப்பதும் ஒரு கருவிதான். கழற்றுவதற்கு நமக்கு இருக்கும் ஒரே பிடி ஸ்க்ரூவின் தலை. அந்தத் தலையைக் கெடுக்காத வழிகள் எல்லாம் தீர்ந்த பிறகுதான் கெடுக்கும் வழிகளுக்குப் போக வேண்டும்.

கழற்றியது

மேலே இடதுபுறம் எளிது. ஆறு முகச் சாக்கெட்டைப் போட்டேன். பன்னிரண்டு முகச் சாக்கெட் மூலைகளை மட்டும் பிடிப்பதால், துருப்பிடித்த தலையில் வழுக்கிவிடும். முதலில் கழற்றும் திசையில் திருகாமல், முடுக்கும் திசையில் ஒரு துளி அழுத்தம் கொடுத்தேன். டக் என்று ஒரு சத்தம் வந்தது. அது துரு உடையும் சத்தம். அப்புறம் கால் சுற்று கழற்றி, எண்ணெய் விட்டு, திரும்ப உள்ளே விட்டு, மறுபடி கழற்றி என்று முன்னும் பின்னுமாக வந்தேன். இறுக்கம் கூடுகிறது என்று கைக்குத் தெரிந்த இடத்திலெல்லாம் நிறுத்தித் திரும்பியதால் மரை சேதமில்லாமல் ஸ்க்ரூ முழுசாக வெளியே வந்தது.

கீழே உள்ள செல்ஃப் டேப்பிங் ஸ்க்ரூவில் பிளஸ் குழி முழுக்கத் துருவும் மண்ணும். இதில் நேராக ஸ்க்ரூடிரைவரை வைத்தால், டிரைவர் குழியின் மேல் விளிம்பில் மட்டும் உட்கார்ந்து, ஒரு திருகலில் அந்த விளிம்பைச் சீவிவிடும். கூரான ஊசியால் குழியின் அடி வரை குத்தி, சுரண்டி, பழைய பல் பிரஷ்ஷால் துடைத்தேன். உலோகம் பளபளவென்று தெரிந்த பிறகுதான் டிரைவரை வைத்தேன்.

டிரைவரின் அளவைப் பற்றி இங்கே சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் ஸ்க்ரூக்கள் கெடுவது பெரும்பாலும் துருவால் அல்ல, அளவு பொருந்தாத டிரைவரால். வீட்டில் எல்லோரிடமும் இருப்பது 2ஆம் எண் பிளஸ் டிரைவர். எம்4, எம்5 ஸ்க்ரூக்களுக்கு அது சரி. எம்6 ஸ்க்ரூவின் குழி வழக்கமாக 3ஆம் எண். அதில் 2ஐப் போட்டால் லேசாக ஆடும், அந்த ஆட்டமே குழியை உருட்டிவிடும். இன்னொன்று, ஜப்பானியத் தயாரிப்புகளில் வரும் பிளஸ் குழி, பிலிப்ஸ் என்ற வழக்கமான பிளஸ் போலவே தெரிந்தாலும் ஜேஐஎஸ் என்ற வேறு அளவீடு, ஜப்பானின் தொழில் தரநிலை. தலையில் குழிக்கு அருகே சின்னப் புள்ளி ஒன்று இருந்தால் அது ஜேஐஎஸ். அதற்குரிய டிரைவர் குழியின் அடி வரை உட்காரும். பிலிப்ஸ் டிரைவர் அடியைத் தொடும் முன்பே மேலே மிதந்து வழுக்கும். எது பொருந்துகிறது என்று பார்க்க எளிய வழி உண்டு. டிரைவரைக் குழியில் வைத்து, திருகாமல் பக்கவாட்டில் மெல்ல ஆட்டிப் பாருங்கள். ஆடினால் அது இந்த ஸ்க்ரூவுக்கான டிரைவர் இல்லை.

பொருந்திய டிரைவரோடும் அந்த ஸ்க்ரூ அசையவில்லை. கையால் அடிக்கும் இம்பாக்ட் டிரைவரை எடுத்தேன். அதன் பின்பக்கம் சுத்தியலால் அடித்தால், அடியின் விசை ஒரே நேரத்தில் முனையைக் குழிக்குள் அழுத்தவும் செய்யும், கொஞ்சம் திருப்பவும் செய்யும். வழுக்க வாய்ப்பே கொடுக்காத கருவி, இறுகிய ஸ்க்ரூவுக்கு இதைவிட நல்லது எனக்குத் தெரியாது. ஆனால் டிக்கிக் கதவின் தகடு மெல்லியது, அப்படியே அடித்தால் குழிந்துவிடும். உள்பக்க மூடி ஏற்கெனவே கழன்று இருந்ததால், ஒரு கனமான மரக்கட்டையைத் துணியில் சுற்றி, தகட்டுக்குப் பின்னால் அழுத்திப் பிடிக்க ஒருவரை நிற்க வைத்தேன். ஸ்க்ரூ நுனிக்கு இடம் விட்டு கட்டையில் ஒரு பள்ளமும் எடுத்திருந்தேன். அடித்ததும் ஸ்க்ரூ இளகியது. பிளாஸ்டிக் பம்பரில் பொருத்திய பிளேட்டுக்கு இந்த முறை வேண்டாம். பிளாஸ்டிக் அடியை வாங்கிக்கொண்டு துள்ளும், திருப்பும் விசை ஸ்க்ரூவுக்குப் போகாது, விரிசல்தான் விழும்.

வலது மேல் ஸ்க்ரூதான் உண்மையான சண்டை. தலை உருண்டை, குழியும் பாதி சீவியிருந்தது. முதலில் சூடு வைத்துப் பார்த்தேன். ஹீட் கன் இங்கே கூடாது. சுற்றியுள்ள பெயின்ட்டும் பிளேட்டின் படலமும் ஸ்க்ரூவுக்கு முன்பே கருகிவிடும். அதற்குப் பதில் ஒரு பெரிய சால்டரிங் அயர்னின் முனையைத் தலையில் வைத்து அழுத்திக்கொண்டே இருந்தேன். சூடு ஸ்க்ரூவுக்குள் மட்டும் இறங்கும். சூடேறி நீளும்போதும் ஆறிச் சுருங்கும்போதும் துருவின் பிடி உடைகிறது. ஊடுருவும் எண்ணெய் தீப்பிடிக்கக்கூடியது. சூடு வைக்கும் முன் வழிந்த எண்ணெயை எல்லாம் துடைத்து, கொஞ்ச நேரம் காற்றாட விட்டு, அதன் பிறகுதான் அயர்னை எடுத்தேன். ஸ்க்ரூ ஆறியதும் மறுபடி எண்ணெய்.

பிறகு தலையின் எதிரெதிர்ப் பக்கங்களைச் சின்ன அரத்தால் ராவி, இரண்டு தட்டையான முகங்களை உண்டாக்கினேன். பிளேட்டில் அரம் படாமல் இருக்க, டப்பா மூடியில் வெட்டிய தகடு ஒன்றைத் தலைக்கு அடியில் செருகிவைத்தேன். அந்த முகங்களில் லாக்கிங் பிளேயரை, கையால் அழுத்த முடிந்த அளவு இறுக்கமாகப் பூட்டினேன். லாக்கிங் பிளேயரின் அருமை, அது தன் பிடியைத் தானே வைத்துக்கொள்ளும்; கையின் முழு பலத்தையும் திருப்புவதற்கு மட்டும் செலவழிக்கலாம். சாதாரணக் கட்டிங் பிளேயரில் பாதி பலம் பிடிப்பதற்கே போய்விடும். ஒரு நூல் அளவு நகர்ந்தது. அதன் பிறகு இடது ஸ்க்ரூவுக்குச் செய்த அதே முன்பின் ஆட்டம்தான்.

இதுவும் நகராமல் இருந்திருந்தால் அடுத்தது தலையைத் துளைத்து எடுப்பது. நைலான் நட்டில் இருந்த கடைசி ஸ்க்ரூவுக்கு அதுதான் செய்ய வேண்டிவந்தது. அங்கே பிரச்சினை வேறு: திருகினால் ஸ்க்ரூவோடு நைலான் நட்டும் சேர்ந்து சுற்றியது. சதுரத் துளையில் அசையாமல் பிடிக்க வேண்டிய அதன் மூலைகள் வெயிலில் காய்ந்து உடைந்துபோயிருந்தன. இப்படிச் சுற்றும்போது முதலில் செய்து பார்க்க வேண்டியது, பிளேட்டுக்குப் பின்னால் ஒரு தட்டையான பிளாஸ்டிக் நெம்புகோலைச் செருகி, ஸ்க்ரூவை வெளிப்பக்கமாக இழுத்துப் பிடித்தபடி மெதுவாகத் திருகுவது. நட்டு தகட்டில் அழுந்தி நின்றால் ஸ்க்ரூ மட்டும் வெளியே வரும். பல நேரம் இது போதும். இங்கே மரை நைலானுக்குள் துருவோடு இறுகியிருந்ததால் போதவில்லை.

பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, தலையின் நடுவில் சென்டர் பஞ்ச்சால் ஒரு குழி அடித்தேன். அந்தக் குழி இல்லாமல் ட்ரில் பிட்டை வைத்தால் அது சறுக்கி, பிளேட்டின் எழுத்து மேலோ பெயின்ட் மேலோ ஓடிவிடும். முதலில் 3 மி.மீ. பிட்டில் வழி போட்டு, அடுத்து ஸ்க்ரூ தண்டின் கனத்துக்குச் சமமான பிட். குறைந்த வேகம், நல்ல அழுத்தம், நடுநடுவே ஒரு சொட்டு எண்ணெய். வேகமாகச் சுற்றினால் பிட் சூடேறி மழுங்கும். ஸ்க்ரூவும் சேர்ந்து சுற்றாமல் தலையின் ஓரத்தை லாக்கிங் பிளேயரில் பிடித்துக்கொள்ள வேண்டும். தலை தனியாக வளையம் போலக் கழன்று பிட்டில் ஏறிக்கொண்டது. பிளேட் கைக்கு வந்தது. மிச்சமிருந்த தண்டை நட்டோடு சேர்த்து உள்பக்கம் தள்ளி எடுத்தேன்.

வெல்டு நட்டில் இருக்கும் ஸ்க்ரூவின் தலையை இப்படி எடுக்க நேர்ந்தாலும் பயப்பட வேண்டாம். தலை போனதும் அதன் இழுவிசை விட்டுப்போகும். வெளியே நிற்கும் தண்டைப் பிளேயரால் பிடித்தால் பெரும்பாலும் எளிதாகவே சுற்றி வந்துவிடும். உடைந்த ஸ்க்ரூவை எடுக்கும் எக்ஸ்ட்ராக்டரைக் கடைசிக் கடைசியாகத்தான் தொட வேண்டும். அது மிகக் கடினமான எஃகு; உள்ளே உடைந்தால் அதைத் துளைக்க சாதாரண பிட்டால் முடியாது.

பிளேட்டுக்குப் பின்னால்

எதிர்பார்த்ததுதான். செல்ஃப் டேப்பிங் துளையைச் சுற்றிப் பெயின்ட் கொப்பளித்து, அடியில் துரு படர்ந்திருந்தது. நல்லவேளையாகத் தகடு ஓட்டையாகவில்லை. தளர்ந்த பெயின்ட்டைச் சுரண்டி, உப்புத்தாளால் நல்ல உலோகம் தெரியும் வரை தேய்த்தேன். துருக்குழிகளில் மிச்சமிருந்ததற்குத் துரு மாற்றி திரவம் தடவினேன். அதிலுள்ள டானிக் அமிலம் துருவை நீலக்கறுப்பான, மேற்கொண்டு அரிக்காத சேர்மமாக மாற்றும். காய்ந்ததும் பிரைமர், அதன் மேல் டச் அப் பெயின்ட். துளையின் உள்விளிம்புக்கு மெல்லிய பிரஷ்ஷில் தனியாகப் பெயின்ட் வைத்தேன். துரு தொடங்கியதே அங்கேதான்.

வெல்டு நட்டுகளின் மரைக்குள் இருந்த துருவை எடுக்க ஒரு எம்6 போல்ட்டே போதும். அதன் நுனியில் ஹேக்ஸா பிளேடால் நீளவாக்கில் ஒரு பள்ளம் வெட்டி, எண்ணெய் தொட்டு, கையால் உள்ளே வெளியே விட்டால் துரு அந்தப் பள்ளத்தில் சேர்ந்து வந்துவிடும். மரை வெட்டும் கருவியான டேப்பைப் போட்டால் மரையின் உலோகத்தையும் கொஞ்சம் சீவிவிடும், இங்கே அது தேவையில்லை.

மடங்கிய மூலையை இரண்டு தட்டையான மரக்கட்டைகளுக்கு நடுவே வைத்து, ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டி நிமிர்த்தினேன். அலுமினியத்தை முன்னும் பின்னும் வளைக்கக் கூடாது. ஒவ்வொரு வளைவிலும் அது கடினமாகி, வளைந்த கோட்டிலேயே விண்டுவிடும். ஒரே திசையில், முக்கால்வாசி நேரானதும் நிறுத்திக்கொள்வதே நல்லது.

திரும்பப் பொருத்தியது

நான்கு இடத்திலும் துருப்பிடிக்காத எஃகு ஸ்க்ரூ, ஏ2 ரகம். கடற்கரைப் பக்கம் ஓடும் காருக்கு ஏ4 இன்னும் நல்லது. நீளம் பழைய ஸ்க்ரூவின் அளவேதான். நீளம் கூடினால் உள்ளே டிக்கிப் பூட்டின் கம்பியிலோ வயரிலோ போய் இடிக்கும். எஃகுத் தலை அலுமினியத்தைத் தொடாமல் இருக்க, ஒவ்வொன்றுக்கும் தோள் வைத்த நைலான் வாஷர் போட்டேன். தோள் பகுதி துளைக்குள் இறங்குவதால் தண்டும் பிளேட்டைத் தொடாது. வெல்டு நட்டில் இறங்கும் மரைக்கு, மறுபடி பிடித்துக்கொள்ளாமல் தடுக்கும் ஆன்டி சீஸ் பசை, மெல்லிய பூச்சாக. பசை போட்ட மரை உராய்வு இல்லாமல் ஓடும் என்பதால் வழக்கத்தைவிடக் குறைவாகவே முடுக்க வேண்டும்.

கீழே புது நைலான் நட்டுகள். செல்ஃப் டேப்பிங் ஓட்டையைச் சதுரமாக்கி, விளிம்புக்குப் பெயின்ட் வைத்துக் காயவிட்டு, அங்கேயும் அதே நட்டைச் செருகினேன். வெறும் தகட்டில் ஸ்க்ரூவை நேராக முடுக்குவதை நான் முழுமையாக எதிர்க்கிறேன். பிளேட்டைப் பிடிக்க அந்த அளவு பலம் தேவையே இல்லை, ஆனால் ஒரு கதவையே அது அரித்துவிடும். நைலான் நட்டில் லாக்டைட் போன்ற மரைப்பசை விடக் கூடாது, சில வகை பிளாஸ்டிக்கை அது வெடிக்க வைக்கும். திருட்டுக்குப் பயந்து கழற்றவே முடியாத ஒருவழி ஸ்க்ரூ போடுபவர்களும் உண்டு. போடுவதற்கு முன், அடுத்த முறை அதையும் துளைத்துத்தான் எடுக்க வேண்டும் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள்.

பிளேட் அதிராமல் இருக்க முழு நீளத்துக்கு ஃபோம் பட்டை ஒட்டுவது வழக்கம். நான் ஒட்டவில்லை. ஃபோம் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், பெயின்ட்டுக்குப் பக்கத்தில் எப்போதும் ஈரம் இருக்கும். அதற்குப் பதில் நான்கு மூலைகளிலும் நடுவிலும் சின்ன ரப்பர் பொட்டுகளை ஒட்டினேன். தண்ணீர் வழிந்து போகவும் காற்று போகவும் இடம் இருக்கிறது.

நான்கு ஸ்க்ரூவையும் முதலில் விரலால் மட்டும் சில சுற்று ஏற்றி, பிளேட் நேராக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்து, அப்புறம் மூலைக்கு மூலை மாற்றி மாற்றி முடுக்கினேன். வாஷர் லேசாக அழுந்தியதும் நிறுத்திவிட வேண்டும். பிளேட் உள்வாங்கினால் அது அதிகம். தலையோ வாஷரோ எந்த எழுத்தையும் எண்ணையும் மறைக்கக் கூடாது; மறைத்தால் ஒரு எழுத்து வேறொன்றாகத் தெரியக்கூடும், அது சட்டப்படியும் குற்றம்.

டிக்கியை நாலைந்து முறை அறைந்து மூடினேன், சத்தம் இல்லை. பிளேட் விளக்கு எரிகிறதா, உள்பக்க மூடியின் கிளிப்புகள் முழுசாக உட்கார்ந்தனவா, ரிவர்ஸ் கேமராவின் வயர் எங்கும் நசுங்கவில்லையா என்று பார்த்தேன். அடுத்தடுத்த மழைக்குப் பிறகும் பழுப்புக் கோடு வரவில்லை. வருடத்துக்கு ஒருமுறை, கார் கழுவும் நாளில், நான்கையும் அரை சுற்று கழற்றி மறுபடி முடுக்கிவிடப் போகிறேன்.